மருத்துவக் கடனும் கடன் அட்டை வட்டியும்: நிலுவை மாற்றம் எப்போது உதவும்?

மறுபரிசோதனைக்கு வருவோரிடம் நாங்கள் வழக்கமாகக் கேட்கும் முதற்கேள்வி, "மாத்திரைகளைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறீர்களா?" என்பதே. பெரும்பாலோர் ஆம் என்றே விடையளிப்பர். சென்ற சாரல் காலத்தில் பாவூர்சத்திரம் பக்கத்திலிருந்து கணவரை அழைத்து வந்த ஓர் அம்மையார் மட்டும், அவர் தலையசைப்பதற்குள் முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டார்: "ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுதாவ ஐயா. பையன் கார்டுக்கு மாசாமாசம் கட்டணும்லா."

அவருடைய கணவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டிருந்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் குறைத்தாலோ நிறுத்தினாலோ ஸ்டென்ட் திடீரென அடைத்துக்கொள்ளக்கூடும். அது உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவச் செலவுக்காக வாங்கிய கடனின் வட்டியைக் கட்டுவதற்காக மருந்தையே குறைத்திருக்கிறார்கள். நாங்கள் பொருளியல் அறிந்தவர்கள் அல்லோம். ஆயினும் வட்டி நோயாளியின் மாத்திரைப் பெட்டிவரை வந்துவிட்ட பிறகு, அதைப் பற்றிப் பேசாதிருப்பதும் மருத்துவப் பிழையே எனக் கருதுகிறோம். ஆகவே இவ்விதழின் பாடத்தைக் கடன் அட்டை வட்டிக்கும், அதைக் குறைக்க உதவும் ஒரு வழிக்கும் ஒதுக்குகிறோம்.

கடன் அட்டையின் வட்டி எவ்வாறு ஏறுகிறது?

மருத்துவமனையில் பணம் செலுத்தும் இடத்தில் கடன் அட்டையைத் தேய்த்துக் கட்டிய தொகை முழுவதையும், பட்டியலில் குறித்த கெடு நாளுக்குள் திருப்பிச் செலுத்திவிட்டால் வட்டி கிடையாது. ஒரு பகுதியை மட்டும் செலுத்தினால் அச்சலுகை நீங்கிவிடும். எஞ்சிய தொகைக்கு மட்டுமன்றி, அதன்பின் அந்த அட்டையில் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும்.

நம் நாட்டில் பல கடன் அட்டைகளின் வட்டி மாதத்திற்கு 3 முதல் 3.75 விழுக்காடு வரை உள்ளது. சிறிய எண்ணாகத் தோன்றினும் ஆண்டுக்கு 36 முதல் 45 விழுக்காடு ஆகிறது. வட்டியின் மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் உண்டு. ஆண்டுக்கு 30 விழுக்காட்டிற்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என 2008ஆம் ஆண்டு தேசிய நுகர்வோர் ஆணையம் கூறியிருந்தது. அத்தீர்ப்பை 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் விலக்கிவிட்டது. எனவே நம் அட்டையின் வட்டி எவ்வளவு என்பதை நாமே பட்டியலைப் பார்த்து அறிந்துகொள்வது அவசியமாகிறது.

மேற்சொன்ன குடும்பத்தின் மகன் சென்னையில் பணிபுரிபவர். மாதந்தோறும் 'குறைந்தபட்சத் தொகை' என்று பட்டியலில் போட்டிருந்ததைத் தவறாமல் கட்டி வந்தார். ஒழுங்காகக் கட்டுகிறோம், கடன் குறைந்து வருகிறது என்றே நம்பியிருந்தார். இந்த நம்பிக்கை பலரிடம் உள்ளது. அதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

நிலுவை 1,00,000 ரூபாய், வட்டி மாதம் 3.5 விழுக்காடு எனக் கொள்வோம். முதல் மாத வட்டி 3,500 ரூபாய். அதன்மீது வரி 630 ரூபாய். ஆக 4,130 ரூபாய். மாதம் 5,000 ரூபாய் கட்டினால் அசலில் கழிவது 870 ரூபாய் மட்டுமே. இவ்வாறே ஓராண்டு கட்டி முடித்தால், கையிலிருந்து சென்றது 60,000 ரூபாய். அசலில் குறைந்திருப்பது சுமார் 13,000 ரூபாய். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவதால் கடன் பல ஆண்டுகள் நீளும் என்ற எச்சரிக்கையைப் பட்டியலில் அச்சிட வேண்டுமென ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நெறிமுறை பணித்திருக்கிறது. அவ்வரியை நாம்தான் படிப்பதில்லை.

நிலுவை மாற்றம் என்றால் என்ன?

ஒரு வங்கியின் அட்டையிலுள்ள நிலுவையை, குறைந்த வட்டி தரும் வேறொரு வங்கியின் அட்டைக்கு மாற்றிக்கொள்வதே நிலுவை மாற்றம். வங்கிகள் இதனை 'பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்' என்கின்றன. புதிய வங்கி பழைய அட்டையின் கடனை அடைத்துவிடும். நாம் புதிய வங்கிக்குக் குறித்த மாதங்களுக்குள் தவணையாகச் செலுத்த வேண்டும். கடன் எங்கும் மறைந்துவிடுவதில்லை. அதன் வட்டி மட்டுமே குறிப்பிட்ட காலத்திற்குக் குறைகிறது.

அதே 1,00,000 ரூபாயை மாதம் 1 விழுக்காடு வட்டியில், 12 தவணைகளில் கட்டுமாறு மாற்றியதாகக் கொள்வோம். தவணை சுமார் 8,885 ரூபாய். ஓராண்டு வட்டி ஏறத்தாழ 6,620 ரூபாய். அதன் வரி சுமார் 1,190 ரூபாய். நடைமுறைக் கட்டணம் 2 விழுக்காடு எனில் வரியுடன் 2,360 ரூபாய். மொத்தக் கூடுதல் செலவு ஏறத்தாழ 10,170 ரூபாய். பழைய அட்டையிலேயே வைத்துக்கொண்டு மாதம் 9,100 ரூபாய் கட்டினால், கடன் தீர 15 மாதங்கள் ஆகும். கூடுதல் செலவு சுமார் 36,000 ரூபாய். இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 26,000 ரூபாய். ஒரு நோயாளியின் வீட்டில் இது பல மாத மருந்துச் செலவு.

இவை விளக்கத்திற்காகக் கொண்ட எண்கள். வட்டியும் கட்டணமும் வங்கிக்கு வங்கி, ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் எண்களை இட்டு இதே கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

மருந்துக்குப் பக்கவிளைவு இருப்பதுபோல் இவ்வழிக்கும் உண்டு.

1. சலுகைக் காலம். குறைந்த வட்டி 3, 6 அல்லது 12 மாதங்களுக்கு மட்டுமே இருக்கும். அதற்குள் தீராத தொகைக்கு வழக்கமான உயர் வட்டி வந்துவிடும். மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று முதலில் பார்த்து, அதற்கேற்பக் காலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

2. தவணை தவறுதல். ஒரு தவணை தவறினாலே சலுகையை நீக்கும் விதி பல திட்டங்களில் உண்டு. சம்பள நாளுக்கு மறுநாளே தவணை கழியுமாறு வங்கிக் கணக்கில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

3. வட்டியைக் கணக்கிடும் முறை. குறைந்துவரும் அசலுக்கு வட்டியா, தொடக்க அசலுக்கே கடைசிவரை வட்டியா என்று கேளுங்கள். தொடக்க அசலுக்கு மாதம் 1 விழுக்காடு என்பது, ஓராண்டுத் தவணையில் உண்மையில் ஆண்டுக்கு 21 விழுக்காட்டிற்கும் மேல் ஆகும்.

4. இடைப்பட்ட நாட்கள். மாற்றம் நிறைவேறச் சில நாட்கள் ஆகும். அதுவரை பழைய அட்டையின் கெடு நாளைத் தவறவிடாதீர்கள். நிலுவை முழுதும் தீர்ந்தது என்ற பட்டியல் வந்த பின்னரே நிம்மதி கொள்ளுங்கள்.

5. காலியான பழைய அட்டை. பலர் சறுக்கும் இடம் இதுவே. பழைய அட்டையில் இடம் கிடைத்துவிட்டதென்று மீண்டும் செலவு செய்தால் ஒரு கடன் இரு கடனாகும். தேவையில்லையெனில் அதை முடித்துவிடலாம். நிலுவையில்லாத அட்டையை முடிக்கக் கோரினால் வங்கி 7 வேலை நாட்களுக்குள் முடிக்க வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது விதி.

6. புதிய அட்டையில் பொருள் வாங்குதல். நிலுவை மாற்றிய அட்டையில் செய்யும் புதுச் செலவுக்கு வட்டியில்லாக் காலம் கிடைக்காமல் போகலாம். கடன் தீரும்வரை அதை வீட்டுப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

7. போலி அழைப்புகள். "உங்கள் நிலுவையை மாற்றித் தருகிறோம்" என்று அழைத்து ஓடிபி எண் கேட்போர், செயலியை இறக்கச் சொல்வோர் எவரையும் நம்ப வேண்டா. வங்கிக் கிளையிலோ, அட்டையின் பின்புறமுள்ள எண்ணிலோ நீங்களே கேட்டறியுங்கள். பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

கடைகளில் அட்டையைத் தேய்த்து, கமிஷன் கழித்துக்கொண்டு ரொக்கம் தருவோரும் உள்ளனர். ஓர் அட்டையின் கடனை அடைக்க இன்னோர் அட்டையைத் தேய்த்துப் பணம் வாங்குவது நிலுவை மாற்றம் அன்று. கமிஷன் போய்விடும், வட்டி குறையாது, அட்டையின் விதிகளை மீறியதாகவும் ஆகும்.

நிலுவை மாற்றம் கிடைக்காதவர்களுக்கு

ஏற்கெனவே தவணைகள் தவறியிருந்தால் கடன் மதிப்பெண் குறைந்திருக்கும். வேறு வங்கி ஏற்பது அரிது. அப்போதும் வழிகள் உண்டு. அதே வங்கியிடம் நிலுவையை மாதத் தவணைகளாக மாற்றித் தருமாறு எழுத்து மூலம் கேளுங்கள்; வட்டி பெரும்பாலும் பாதிக்கும் கீழே வரும். நம் வட்டாரத்தில் பல வீடுகளில் ஒன்றிரண்டு பவுன் நகையேனும் இருக்கும். அதை வீட்டில் வைத்துக்கொண்டே கடன் அட்டைக்கு 42 விழுக்காடு வட்டி கட்டி வருவோரைக் காண்கிறோம். பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக்கடன் வட்டி பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. திருப்பும் நாளைக் குறித்துவைத்துக்கொண்டு அதை நாடுவது தவறன்று.

கந்துவட்டியை மட்டும் நாட வேண்டா. அளவுக்கு மீறிய வட்டி வசூலிப்பது தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். வங்கியின் சார்பில் கடன் வசூலிக்க வருவோரும் காலை 8 மணிக்கு முன்னரோ மாலை 7 மணிக்குப் பின்னரோ அழைத்துத் தொல்லை தரலாகாது. வங்கியிடம் புகார் அளித்து 30 நாட்களில் தக்க விடை கிடைக்காவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். விவரம் அறிய 14448 என்ற எண் உள்ளது.

அட்டையைத் தேய்க்கும் முன்

கடனை மாற்றுவதினும் மேலானது, வாங்காமலே இருப்பது. சிகிச்சைக்குச் சேரும்போதே காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். 70 வயது நிறைந்தோர்க்கு வருமான வரம்பின்றி 5 இலட்சம் ரூபாய் வரையிலான மத்திய அரசின் காப்பீடு 2024 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிற்கே வருகின்றன. முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் ஆகியவற்றில் பல மருந்துகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

மருத்துவரிடம் சொல்லுங்கள்

அந்த அம்மையார் அன்று பேசாதிருந்தால், இரத்த அழுத்தமும் இ.சி.ஜி.யும் பார்த்துவிட்டு அடுத்த மாதம் வருமாறு அனுப்பியிருப்போம். அவர் சொன்னதால், விலை குறைந்த அதே மருந்தை எழுதிக் கொடுக்க முடிந்தது. எங்கள் சமூகப்பணியாளர் மகனைத் தொலைபேசியில் அழைத்து மேற்சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டினார். மகன் எஞ்சிய நிலுவையை வேறு வங்கிக்கு மாற்றி, பழைய அட்டையை முடித்துவிட்டார். இப்போது ஏழு தவணைகள் கட்டியாயிற்று. அந்தப் பெரியவர் மாத்திரையை நாள் தவறாமல் எடுத்துக்கொள்கிறார். கடந்த முறை காலியான அட்டைகளைத் தாமே கொண்டுவந்து காட்டினார்.

பணமில்லை என்று மருத்துவரிடம் சொல்வது இழிவன்று. காய்ச்சல் எத்தனை நாளாக என்று சொல்வதைப் போல அதுவும் நாங்கள் அறிய வேண்டிய செய்தியே. மாத்திரையைக் குறைக்க எண்ணும் நாளில், குறைக்கும் முன் எங்களிடம் ஒரு சொல் சொல்லுங்கள். கடன் நெருக்கடியால் உறக்கமின்றி, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுமாயின், எந்நேரமும் 14416 அல்லது 104 என்ற எண்ணை அழைத்துப் பேசுங்கள். அதுவும் சிகிச்சையே.

இம்மாதம் செய்ய வேண்டியவை

கடன் அட்டைப் பட்டியலை எடுத்து, மாத வட்டி எவ்வளவு என்ற வரியைக் கண்டுபிடியுங்கள். நிலுவை, வட்டி, வரி, மாதம் கட்டக்கூடிய தொகை ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். நிலுவை மாற்றம், அதே வங்கியின் தவணை, நகைக்கடன் ஆகிய மூன்றின் மொத்தச் செலவையும் கேட்டு அருகருகே குறியுங்கள். கணக்கு புரியாவிடில் அத்தாளை அடுத்த மறுபரிசோதனைக்கு, மருந்துச் சீட்டுடன் சேர்த்து எடுத்து வாருங்கள். எங்கள் சமூகப்பணியாளருடன் அமர்ந்து சேர்ந்தே பார்ப்போம்.