கால் வலிக்கும் நாளில் ஓட்டக்காரப் பிள்ளைக்கு

கண்ணு, ஓடத் தொடங்கிய சில மாதங்களிலேயே குதிகாலும் கணுக்காலும் வலிக்கின்றன என்றாய். ஓடுகிறவர்களோடு வாழ்நாள் முழுக்கப் பழகியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. வலியை மறைக்காதே. எங்கே, எப்போது வலிக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வை. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகாலின் அடியில் குத்தி, நடக்க நடக்கக் குறைந்தால் உள்ளங்கால் சவ்வு நொந்திருக்கலாம். குதிகாலுக்கு மேலே பின்பக்கம் விறைத்து வலித்தால், அது அக்கிலிஸ் தசைநாராக இருக்கலாம். உள்ளதை உள்ளபடி சொல்லும் பிள்ளைக்கே வைத்தியம் சீக்கிரம் பலிக்கும்.

2. எலும்பு வலிக்குப் பயப்படு. விரல்நுனியால் தொட்டுக் காட்டும்படி ஒரே இடத்தில் வலித்து, ஓட ஓடக் கூடினால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார். மெல்லிய விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். எக்ஸ்ரே சரியாக இருக்கிறதென்று ஓட்டத்தைத் தொடர்ந்த பையன் ஒருவனை அறிவேன். எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் விரிசல் தெரிந்தது. சில வாரம் பொறுத்திருந்தால் போதும் என்றிருந்தது, பல மாதம் ஆயிற்று.

3. சுளுக்கை அலட்சியம் செய்யாதே. பிசகிய காலை ஊன்றி நான்கு அடி வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்துவிடு. வீக்கம் வடிந்ததும் வேலை முடிந்ததென்று எண்ணாதே. தினமும் ஒற்றைக்காலில் நின்று பழகு. அதை விட்டவர்களுக்கு அதே கால் மறுபடி மறுபடி பிசகியதைப் பார்த்திருக்கிறேன்.

4. அவசரப்படாதே. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும். ஆசை முன்னே ஓடும், எலும்பு பின்னேதான் வரும். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதே.

5. சலிப்பூட்டும் பயிற்சியை மதி. அக்கிலிஸ் வலிக்கு, படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி வலிக்கும் காலின் குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். சுவீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனும் குழுவினரும் 1998இல் வெளியிட்ட முறையில் முழங்காலை நீட்டி 15 முறை வீதம் 3 சுற்று, மடக்கி 3 சுற்று. நாளுக்கு இரு வேளை, 12 வாரம். மூன்றாம் வாரமே விட்டுவிட்டுப் பலனில்லை என்றவர்கள் அநேகம். பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை கற்றுக்கொண்டு, முடிக்கும்வரை செய்.

6. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதே. வலி உன்னைக் காக்க வந்த காவல்காரன். அவன் வாயைக் கட்டிவிட்டு ஓடினால், காயம் பெருகுவது உனக்குத் தெரியாது.

7. விலகி நிற்கவும் துணிவு வேண்டும். பிரிட்டன் ஓட்ட வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் 2003இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தவர். 2012இல் சொந்த நாட்டிலேயே ஒலிம்பிக் நடந்தபோது பாதக் காயத்தால் விலகினார். அதனால் அவர் சாதனை குறைந்துவிடவில்லை. பந்தயத்தை விட்டதற்காக உன்னையும் யாரும் குறைத்து மதிக்க மாட்டார்கள்.

8. திரும்பி வரும்போது பணிவோடு வா. முதலில் நட; பிறகு நடையும் ஓட்டமுமாகச் சேர். மறுநாள் காலை வலி கூடாதிருந்தால் மட்டும் இன்னும் கொஞ்சம் கூட்டு. வரும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை நினைத்து ஓடாதே. அறுபது வயதிலும் ஓட வேண்டுமென்று ஆசைப்பட்டு ஓடு.