வளர்ப்புப் பிராணி இல்லாத வீட்டில் தெள்ளுப்பூச்சி

கணுக்காலைச் சுற்றிச் சிவந்த தடிப்புகளுடன் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரிடம், "வீட்டில் நாயோ பூனையோ உண்டா?" என்று நாம் கேட்பது வழக்கம். "எதுவும் வளர்ப்பதில்லை" என்று சிலர் விடை சொல்கின்றனர். அப்படியானால் கடித்தது கொசுவாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களே முடிவு கட்டிவிடுகின்றனர். ஆனால் தெள்ளுப்பூச்சி வீட்டுக்குள் வருவதற்கு நாம் பிராணி வளர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தெள்ளு 2 மி.மீ. அளவே உடைய, சிறகில்லாத, கரும்பழுப்பு நிறப் பூச்சி. இரு பக்கமும் அழுத்தினாற்போலத் தட்டையாக இருப்பதால் விரலிடுக்கில் எளிதில் சிக்காது. ஏறத்தாழ ஒரு சாண் உயரம் துள்ளும்; முழங்காலுக்குக் கீழேயே கடி மிகுவதற்கு அதுவே காரணம். மூட்டைப்பூச்சி துள்ளாது; இரவில் படுக்கையிலிருந்து வந்து உடலின் திறந்த பகுதிகளில் கடிக்கும். உண்ணி ஊர்ந்து வந்து தோலைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் விடாது. இம்மூன்றையும் ஒன்றாகக் கருதி மருந்து அடிப்பதால் பணமும் உழைப்பும் வீணாகின்றன.

ஆலங்குளம், வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கத்து வீடுகளை நினைத்துப் பார்த்தால் வழிகள் புலப்படும். திண்ணையின் நிழலில் தெருநாய் படுக்கிறது. பரணிலோ மாடிப்படியின் கீழோ பூனை குட்டி போடுகிறது. அடுத்த வீட்டில் ஆடு கட்டியிருக்கிறது. தீப்பெட்டி அட்டையும் பட்டாசுக் குழாய்க்கான காகிதக் கட்டும் அடுக்கிய மூலையில் எலி குடிபுகுகிறது. பெண்தெள்ளு இவற்றின் உடலில் இருந்துகொண்டு நாளொன்றுக்கு 40 முதல் 50 முட்டைகள் வரை இடும். முட்டைகள் ஒட்டுவதில்லை, பிராணி படுத்த இடமெல்லாம் உதிர்ந்து விழும். அவற்றிலிருந்து வரும் புழுக்கள் வெளிச்சத்தை வெறுத்து, தரை வெடிப்பிலும் பாயின் அடியிலும் ஒதுங்கி, பெரிய தெள்ளு கழித்த உலர்ந்த இரத்தத் துகளைத் தின்று வளரும். வறண்ட வெயிலில் அவை பிழைப்பதில்லை. ஆகவே நம் கரிசல் நிலத்துக் கோடையில் திறந்த முற்றத்தில் அவை அரிது. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்திலும் நிழல் மூலையிலும் பெருகும்.

புழு பின்னர் தன்னைச் சுற்றிப் பசையுள்ள கூடு பின்னி, தூசியைப் பூசிக்கொண்டு அதனுள் அடங்கிவிடும். அக்கூட்டுக்குள் அது மாதக்கணக்கில் காத்திருக்க வல்லது. காலடி அதிர்வும் உடற்சூடும் நாம் விடும் மூச்சும் பட்டவுடன் வெளியே துள்ளும். குடும்பத்துடன் திருப்பூருக்கு வேலைக்குச் சென்று, பொங்கலுக்கு வந்து பூட்டைத் திறந்தவர்களை முதல் நாளே தெள்ளுகள் மொய்ப்பது இதனால்தான். வீடு பூட்டிக் கிடந்தபோது பரணில் பூனை குட்டி போட்டுப் போயிருக்கும். பூனை போய்விட்டது, கூடுகள் இருக்கின்றன. இதைச் செய்வினை என்று அஞ்சுவோரும் உண்டு, அஞ்ச வேண்டியதில்லை.

ஐயம் இருந்தால் வெள்ளைக் காலுறையை முழங்கால்வரை இழுத்து அணிந்து, சந்தேகமுள்ள அறையில் சில நிமிடம் நடந்து பாருங்கள். கரும்புள்ளிகள் துள்ளி ஏறுவது தெரியும். இரவில் அகலமான தட்டில் சோப்பு நீர் வைத்து, அதன் மேல் மின்விளக்கு எரியவிட்டால் சில தெள்ளுகள் விழுந்து மூழ்கும். தெள்ளு இருப்பதை உறுதிசெய்ய இது உதவும். ஒழிப்பதற்கு இது மட்டும் போதாது.

ஒழிப்பதில் பெரும்பங்கு துப்புரவுக்கே உரியது. முதலில் பரண், திண்ணையடி, படிக்கட்டின் கீழ் ஆகிய இடங்களில் பிராணி படுத்த பழந்துணி, சாக்கு, வைக்கோல் ஆகியவற்றை உறையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். விரிப்பு, தலையணை உறை, போர்வை ஆகியவற்றை நன்கு சூடான நீரில் ஊறவைத்துத் துவைத்து, கடும் வெயிலில் உலர்த்த வேண்டும். பாய், மெத்தை முதலியவற்றை இருபுறமும் வெயில் காட்டுங்கள். தரையை வெறுமனே பெருக்கினால் முட்டையும் புழுவும் மூலைக்கு மூலை இடம் மாறும். ஆகவே பெருக்கியதும் சோப்பு நீரால் துடைக்க வேண்டும். கடப்பாக்கல் இணைப்பு, கதவுநிலை, கட்டிலின் கால் ஆகிய இடங்களில் பிரஷ் கொண்டு தேய்ப்பது நலம். வேக்குவம் கிளீனர் இருந்தால் அதன் அதிர்வே கூட்டுக்குள் இருப்பவற்றை வெளியே வரவழைக்கும். பையை உடனே கட்டி வெளியே போட வேண்டும். இதை ஒரு நாள் செய்து விட்டுவிடுவதில் பயனில்லை. இரண்டு மூன்று வாரம், கூடுமானால் நாள்தோறும் செய்ய வேண்டும். பரணின் ஓட்டையும் சன்னல் வலையும் அடைபட்டாலன்றிப் பூனை மீண்டும் வரும்.

நாங்கள் மிகவும் கவலைப்படுவது பூச்சியைக் காட்டிலும் அதற்குப் பயன்படுத்தும் பொருள்களைப் பற்றியே. பருத்திக்கும் மிளகாய்க்கும் அடித்து மிஞ்சிய பூச்சிமருந்தை வீட்டுத் தரையில் தெளிப்பது மிகக் கேடானது. தவழும் குழந்தையின் உள்ளங்கை வழியாகவும் தோல் வழியாகவும் அது உடலில் சேரும். எச்சில் ஒழுகுதல், கண்மணி சுருங்குதல், வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை அந்நஞ்சின் அறிகுறிகள். தானியத்தில் வைக்கும் மாத்திரையை அறைக்குள் வைப்போரும் உள்ளனர். ஈரக்காற்றுப் பட்டால் அதிலிருந்து வெளியாகும் பாஸ்பீன் வாயு அடுத்த அறைக்கும் பரவி உறங்குவோரைக் கொல்லும். அதற்கு மாற்று மருந்தும் கிடையாது.

கந்தகம் நம் பகுதிக்குப் பழகிய பொருள். ஆதலால் அதை எரித்துப் புகை போடலாமே என்று தோன்றக்கூடும். அப்புகை ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக் குழாயை நொடியில் இறுக்கிவிடும். குளோரேட்டுடன் சேர்ந்தால் கந்தகம் உராய்விலேயே வெடிக்கும் என்பதை இவ்வூர்த் தொழிலாளர்களுக்கு நாம் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. மண்ணெண்ணெயால் தரை துடைப்பதும் வேண்டாம். அழுத்தக் குப்பியில் வரும் மருந்தும் தீப்பற்றக் கூடியதே; விளக்கும் அடுப்பும் எரியும்போது அதைத் தெளிக்கலாகாது. வேலைத்தலத்து மருந்துத் துகள் படிந்த உடைகள் வீட்டில் இருந்தால் அவற்றைத் தனியே துவைத்துவிட்டே மற்றதைத் தொடங்க வேண்டும். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் நோயாளியின் அறையில் எவ்வகைப் புகையும் கூடாது. வேப்பிலைப் புகைக்கும் இது பொருந்தும்.

துப்புரவுக்குப் பின்னும் கடி நீடித்தால், வீட்டு உபயோகத்துக்கென அனுமதிக்கப்பட்ட மருந்தை, அதன் சீட்டில் உள்ள அளவிலேயே பயன்படுத்தலாம். பயிற்சி பெற்ற பூச்சி ஒழிப்பாளரை அழைப்பது இன்னும் சிறந்தது. பூச்சியைக் கொல்லும் மருந்துடன், புழு வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தும் உண்டா என்று அவரிடம் கேளுங்கள். எந்த மருந்தும் கூட்டைத் துளைத்து உள்ளே செல்வதில்லை. ஆகவே அடித்த பின்னும் இரண்டு வாரம் வரை புதிய தெள்ளுகள் தோன்றும். மருந்து பலிக்கவில்லை என்று எண்ணி அடுத்தடுத்துத் தெளிக்க வேண்டாம். தெளிக்கும் நாளில் கருவுற்ற பெண்கள், குழந்தைகள், மூச்சு நோயாளிகள் ஆகியோர் உறவினர் வீட்டில் இருக்கட்டும். தரை நன்கு உலர்ந்து, காற்றோட்டம் வந்த பின்னரே திரும்பலாம்.

எலி இருக்கும் வீட்டில் ஒரு வரிசைமுறை உண்டு. முதலில் தெள்ளு, பிறகே எலி. எலி செத்துக் குளிர்ந்ததும் அதன் மேலிருந்த தெள்ளுகள் வேறு இரத்தம் தேடி மனிதர்மேல் தாவும். 1896-இல் பம்பாயில் பரவிய பிளேக் நோயை ஆராய்ந்தவர்களுக்கு எலி சாவதும் மனிதர் சாவதும் ஏன் அடுத்தடுத்து நிகழ்கின்றன என்பது புதிராக இருந்தது. 1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் எலித்தெள்ளே இடைத்தரகர் என்று காட்டினார். (கோவையில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்கள் இருப்பதைப் பலர் கண்டிருப்பர், அக்காலத்து அச்சத்தின் அளவு அதில் தெரியும்.) எலிக்குப் பொறியே போதும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை கல்லீரலை அழிக்கும். அதனை வீட்டில் வைத்திருக்கவே கூடாது.

கடித்த இடத்தைச் சோப்பால் கழுவி, ஈரத்துணி ஒற்றி, கேலமைன் தடவினால் பெரும்பாலும் அடங்கும். சுண்ணாம்பு வேண்டாம். குழந்தைகளின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். சொறிந்த புண் சீழ் பிடித்தால், சில வகைக் கிருமிகளால் பின்னர் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். சர்க்கரை நோயாளியின் காலில் ஏற்படும் சிறு கீறலும் ஆறாப் புண்ணாக மாறும் என்பதால், அவரைப் பராமரிப்போர் மாலைதோறும் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

கடிபட்ட ஓரிரு வாரத்தில் கடுங்காய்ச்சல், தலைவலி, உடலில் சிவந்த தடிப்பு ஆகியவை தோன்றினால் எலித்தெள்ளால் பரவும் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம். உண்ணிக்காய்ச்சல் எனப்படும் ஸ்கிரப் டைபஸ் வேறு. அது புதர்களில் உள்ள சிற்றுண்ணிப் புழுவால் வருவது, கருகிய புண் போன்ற அடையாளம் அதில் காணப்படலாம். இரண்டும் டாக்ஸிசைக்ளின் மருந்துக்கு நன்கு கட்டுப்படுபவை. ஆனால் மருத்துவர் அதை நினைக்க வேண்டும். ஆகவே காய்ச்சலுக்கு வரும்போது வீட்டில் தெள்ளு இருந்தது, எலி செத்துக் கிடந்தது, எந்த மருந்து அடித்தோம் என்ற மூன்றையும் தவறாமல் சொல்லுங்கள். மருந்தை எவரேனும் விழுங்கிவிட்டாலோ முகர்ந்து மயங்கினாலோ வாந்தி எடுக்க வைக்காமல், நனைந்த உடையைக் களைந்து, தோலைச் சோப்பு நீரால் கழுவி, 108-ஐ அழையுங்கள். மருந்துக் குப்பியையோ அதன் சீட்டையோ கையோடு கொண்டு வாருங்கள்.