நத்தமேட்டு மண்ணுக்கு டி.ஏ.பி. தேவையா?

கேள்வி: எங்கள் தோட்டத்தின் ஒரு பகுதி பழைய ஊர் இருந்த மேடு. சாம்பல், பானையோடு, எலும்புத்துண்டு கலந்த கறுத்த மண், சுற்றிலும் செவ்வல். மண் பரிசோதனையில் மேட்டில் அங்ககக் கரிமமும் மணிச்சத்தும் அதிகம், தழைச்சத்து மட்டும் குறைவு என்று வந்திருக்கிறது. இதை நம்பலாமா? சின்ன வெங்காயத்துக்கு வழக்கம்போல டி.ஏ.பி. போடலாமா?
– வாசகர், வேடசந்தூர்

பதில்: நம்பலாம். மேட்டில் இந்தப் போகத்துக்கு டி.ஏ.பி. வேண்டாம், ஆனால் தழைச்சத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

மண்ணில் இருக்கும் சத்து முழுவதும் பயிருக்குக் கிடைப்பதில்லை. ஒரு கரைசல் எவ்வளவு சத்தைப் பிரித்தெடுத்தது என்பதையே ஆய்வகம் எழுதித் தருகிறது; கரைசல் மாறினால் எண்ணும் மாறும். அமேசானில் பழங்குடிகள் வாழ்ந்த இடங்களில் கரி, எலும்பு, குப்பை சேர்ந்து உருவான ‘டெரா பிரேட்டா’ மண்ணுக்குப் பிரேசிலில் பெரும்பாலும் அமிலக் கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். அது எலும்பிலுள்ள கால்சியம் பாஸ்பேட்டையும் கரைப்பதால் மணிச்சத்து கூடுதலாகத் தெரியும். நம் பகுதியின் சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணுக்கு ஓல்சன் முறைதான் வழக்கம். அதில் சேர்க்கும் சோடியம் பைகார்பனேட் காரத்தன்மை கொண்டது. எலும்பை அவ்வளவாகக் கரைக்காது. அதிலேயே ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் வந்தால் மணிச்சத்து தாராளம்.

கரிமம் அதிகமாக இருந்தும் தழைச்சத்து குறைந்தது ஏன்? கரிமச் சோதனை அடுப்புக்கரியின் ஒரு பகுதியையும் சேர்த்தே எண்ணும். தழைச்சத்துக்கு 1956-இல் சுப்பையாவும் அசிஜாவும் வகுத்த கார பெர்மாங்கனேட் முறை, எளிதில் சிதையும் அங்ககப் பொருளிலிருந்து வருவதை மட்டுமே காட்டும். கரிக்குள் சிக்கிய தழைச்சத்து எளிதில் வெளிவராது. 280 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவுதான். டி.ஏ.பி.யில் 18 சதவீதம் தழைச்சத்து இருப்பதால், அதை நிறுத்தும்போது அந்த அளவை யூரியாவாகப் பிரித்து இடுங்கள்.

மணிச்சத்து மிகுந்தால் பயிர் துத்தநாகம் எடுப்பது தடைபடலாம். அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். மேட்டு மண்ணையும் செவ்வலையும் ஒரே மாதிரியில் கலக்காதீர்கள். தனித்தனியாகப் பல இடங்களில் ‘வி’ வடிவக் குழி எடுத்து, 15 செ.மீ. ஆழம் வரை சுரண்டிய மண்ணைக் கலந்து அரைக் கிலோ கொடுங்கள். எரு கொட்டிய இடம், வரப்போரம் கூடாது.

கடைசித் தீர்ப்பு பயிருடையது. மேட்டிலேயே இரண்டு பாத்திகளுக்கு மட்டும் சூப்பர் பாஸ்பேட் இட்டு, பக்கத்துப் பாத்திகளோடு அறுவடை எடையை ஒப்பிடுங்கள். எடை கூடாவிட்டால் அடுத்த போகத்திலும் அந்தச் செலவு வேண்டாம்.