கோழிக்கூட்டில் நெருக்கமும் நோயும்

பெரும்போக காலத்திலே கமக்காரர் தம் கவனம் முழுவதையும் வயலிற் செலுத்துகின்றனர். வளவிலுள்ள கோழிக்கூடு அப்பொழுது மறக்கப்படுகின்றது. மாரி ஈரத்தினால் கோழிநோய்கள் எளிதிற் பரவுவதும் அக்காலத்திலேயாம்.

யாம் அறிந்த கமக்காரர் ஒருவர் 6 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள கூட்டில் 12 கோழிகளை வளர்த்துவந்தார். முட்டை விற்ற பணம் பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்கு உதவிற்று. பொரித்த குஞ்சுகள் 15 வளர்ந்தபின்னும் விற்க மனமின்றி அதே கூட்டில் விட்டார். பின்னர் சந்தையில் மலிவாகக் கிடைத்த இரு பேடுகளை வாங்கி, அன்றிரவே அவற்றுடன் அடைத்தார். ஒரு வாரத்தின்பின் கோழிகள் வாய்திறந்து மூச்சுவாங்கின. பச்சை நிறமாகக் கழிந்தன. சில கழுத்தை முறுக்கின. மூன்று வாரத்துள் எஞ்சியவை நான்கே. இந்நட்டத்துக்குக் காரணம் விதியன்று; நெருக்கமும், புதுக்கோழியை உடனே சேர்த்தமையும், தடுப்பு மருந்து ஏற்றாமையுமே.

நெருக்கம் செய்யும் தீங்கு

கோழிகள் நெருங்கினால் எச்சம் மிகும், கூளம் நனையும். அதிலிருந்து எழும் அமோனியா வாயு கண்ணையும் சுவாசக் குழாயையும் கெடுக்கும். இளங்குஞ்சுகளைக் கொல்லும் குருதிக் கழிச்சல் நோயின் கிருமிகள் எச்சத்துடன் வெளியேறி, ஈரக் கூளத்தில் ஓரிரு நாளில் தொற்றும் நிலையை அடைகின்றன. அன்றியும், வலிய கோழிகள் மெலிந்தவற்றைக் கொத்தி, இரை தின்னவிடா.

கூட்டின் அமைப்பு

1. பகலில் வெளியே மேயும் கோழி ஒன்றுக்கு 2 சதுர அடியும், நாள்முழுதும் அடைபட்டிருப்பதற்கு 3 சதுர அடியும் தரையிடம் வேண்டும்.

2. தங்கும் தடியில் கோழி ஒன்றுக்கு 8 அங்குலமும், ஐந்து பேடுகளுக்கு முட்டைப்பெட்டி ஒன்றும் தேவை.

3. தரையில் உமியை அல்லது மரத்தூளை 4 அங்குல உயரத்துக்கு இட்டு, வாரம் இருமுறை கிளறுக. ஒரு பிடி கூளத்தைக் கையிற் பிழிந்து பார்க்க. அது உருண்டையாகத் திரளுமாயின் ஈரம் மிகுந்துவிட்டது; அதனை அகற்றி உலர்ந்த கூளம் இடுக. அகற்றிய கூளம் நன்கு மக்கியபின் மரக்கறித் தோட்டத்துக்குச் சிறந்த பசளையாகும்.

4. கூரையைத் தாழ்வாரமாக நீட்டிச் சாரலைத் தடுக்க, காற்றோட்டத்தைத் தடுக்கற்க.

5. குஞ்சுகளைப் பெரிய கோழிகளிலிருந்து பிரித்து வளர்க்க.

நோய்த் தடுப்பு

மேற்கூறிய கமக்காரரின் கோழிகளைக் கொன்றது இரானிக்கெற் நோயாகும். அதனை மாற்றும் மருந்தில்லை. தடுப்பு மருந்தே காவல். அது பற்றி உமது பகுதி அரச மிருக வைத்தியரை விசாரிக்க. நோய் தோன்றுமுன், சுகமாயுள்ள கோழிகளுக்கே அதனைக் கொடுத்தல் வேண்டும். மருந்தைக் குளிரிலேயே வைத்திருத்தல் அவசியம்.

புதிய கோழிகளை மூன்று வாரம் வேறிடத்தில் வைத்துப் பார்த்தபின்னரே சேர்க்க. அதுவரை பழைய கோழிகளுக்கு முதலிலும் புதியவற்றுக்குப் பின்னரும் இரை வைக்க. நோயுற்றதை உடனே பிரிக்க; விற்கற்க. இறந்ததைக் குளத்திலோ வாய்க்காலிலோ எறியாது, சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க.

நாற்றை நெருக்கி நட்டால் விளைவு குன்றுமென்பதைக் கமக்காரர் நன்கறிவர். கோழிக்கும் அஃதே விதி. இன்று மாலை கோழிகள் அடையும்போது அவற்றை எண்ணுக. கூட்டின் தரையையும் அளந்து பார்க்க. மிகையான சேவல்களை மாரி தொடங்குமுன் விற்றுவிடுக. நெருங்கி நோயுறும் முப்பதிலும், இடமாக வாழும் பன்னிரண்டு கோழிகளே வீட்டுக்கு முட்டை தரும்.