வீட்டிற் சுட்ட பாணை ஆறவைத்தலும் பேணலும்

ஈர நெல்லைச் சாக்கிற் கட்டி வைத்தால் அது சூடேறிப் பழுதாகும் என்பது கமக்காரர் யாவரும் அறிந்ததே. போறணையிலிருந்து எடுத்த பாணும் அத்தகையதே. நன்றாக வெந்த பாணாயினும், சூடு ஆறுமுன் மூடிவைக்கப்படின் விரைவிற் கெட்டுவிடும். 2022ஆம் ஆண்டிற் கோதுமை மா கிடைத்தற்கரிதாகி விலையேறியபோது, ஓர் இறாத்தற் பாணின் அருமையை எல்லாரும் உணர்ந்தனர்.

போறணையை விட்டு வரும் பாணின் உட்பகுதி ஏறக்குறைய 95 பாகை செல்சியசு வெப்பமுடையது. உள்ளிருக்கும் நீராவி மேலோட்டின் வழியே வெளியேற வேண்டும். அச்சுத் தகரத்தில் விட்டாலும், மேசைமேல் நேரே வைத்தாலும் அடிப்பாகம் வியர்த்து நைந்துவிடும். ஆகவே ஐந்து, பத்து நிமிடத்துள் தகரத்திலிருந்து எடுத்து, அடியிலும் காற்றுப் புகக்கூடிய கம்பித் தட்டின்மீது வைக்குக. கம்பித் தட்டு இல்லாதவர், கழுவி உலர்த்திய மூங்கிற் கீற்றுகளை இரண்டு கட்டைகளின்மேல் இடைவிட்டுப் பரப்பினாற் போதும். ஓர் இறாத்தற் பாண் ஆறுதற்கு இரண்டு, மூன்று மணித்தியாலம் செல்லும். அடியிற் கைவைத்துச் சூடு சிறிதும் தெரியாதபோதே வெட்டுக. சுடச்சுட வெட்டினால் உள்ளே களிபோல ஒட்டும். பிள்ளைகள் அதுவரை காத்திரார் என்பது உண்மையே. அவர்களுக்கென ஒரு சிறு பணிசைத் தனியே சுட்டுக் கொடுக்கலாம்.

பூஞ்சண வித்திகள் போறணைச் சூட்டில் இறந்துவிடும். பின்னர்த் தோன்றும் பூஞ்சணம், பாண் ஆறும்போது காற்றிலிருந்தோ கத்தியிலிருந்தோ கையிலிருந்தோ வந்ததேயாகும். ஆதலால் நெல் தூற்றும் முற்றத்துக்கும், போஞ்சி, கோவா முதலியன குவித்த அறைக்கும் அப்பாலே ஆறவைக்குக.

இதனினும் பொல்லாதது நூற்கேடு. மண்ணில் வாழும் ஒருவகைப் பற்றீரியாவின் வித்திகள் மாவிலும், வயல் மண் படிந்த கையிலும் இருக்கும். போறணைச் சூடும் அவற்றைக் கொல்லாது. சூட்டுடன் பொதிந்த பாணில் அவை விரைந்து பெருகும். பிய்த்தால் உட்பகுதி நூல் நூலாக இழுபடும். அளவுமீறிப் பழுத்த அன்னாசியின் மணம் வீசும். மாக் குழைக்குமுன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதலும், இறாத்தல் மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி சேர்த்தலும் இதனைத் தடுக்க உதவும். பூஞ்சணம் பிடித்த பாணையோ நூல்விட்ட பாணையோ கெட்ட இடத்தை மட்டும் வெட்டிவிட்டு உண்ணலாகாது. கோழிக்கும் மாட்டுக்கும் இடலாகாது, புதைத்துவிடுக.

ஆறிய பாணை உலர்ந்த சுத்தமான துணியிற் சுற்றி, மூடியுள்ள தகரப்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் வரை இருக்கும். பிளாத்திக்குப் பை மென்மையைக் காக்கும். ஆயின் கண்டிப் பகுதியில் ஒக்டோபர் தொடக்கம் பெய்யும் மழையில், காற்றில் ஈரம் மிகுந்திருக்கையில், அது பூஞ்சணத்தையும் வளர்க்கும். குளிர்சாதனப் பெட்டியிற் பூஞ்சணம் தாமதிக்குமெனினும், அக்குளிரில் மாப்பொருள் விரைவாக இறுகுவதாற் பாண் பழையதாகிவிடும். உறைபெட்டி உடையவர் துண்டுகளாக்கிப் பொதிந்து வைத்து, வேண்டியபோது வாட்டிக் கொள்ளலாம். அரிசி மா கலந்த பாண் இன்னும் விரைவில் இறுகும்; அதனை அன்றே உண்ணுதல் நன்று.

கெடாமல் இறுகிமட்டும் போன பாணை எறிய வேண்டியதில்லை. சிறிது நீர் தெளித்துச் சூடாக்கினால் மென்மை மீளும். துண்டுகளாக வெட்டி மெல்லிய தணலில் முற்றாக உலர்த்தினால் றசுக்கு ஆகும். காற்றுப் புகாத போத்தலில் அது பல நாள் இருக்கும்.