ரிப்போர்ட் நார்மல் வந்த பிறகு

இதய நோய்க்கான மாத்திரைகளைத் தினமும் சாப்பிடுவதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. கிழமைக்கு ஓர் அறை உள்ள டப்பா வாங்கி, ஞாயிற்றுக்கிழமை நிரப்பி, காலை காபி குடிக்கும் இடத்தில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கியிருந்தால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. ஆட்கள் சறுக்குவது இதிலெல்லாம் இல்லை. பிரஷர் 124/80, கொழுப்பும் இறங்கிவிட்டது என்று ரிப்போர்ட் வருகிற நாளில்தான். “அதான் நார்மல் ஆயிடுச்சே” என்று அன்றைக்கே மாத்திரை நின்றுவிடுகிறது. அந்த எண் மாத்திரை போட்டதால் வந்த எண்.

‘நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லையே’ என்பார்கள். ஆகாதுதான், சில நாளைக்கு. பிரஷர் மாத்திரையான அம்லோடிபினின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் பிடிக்கும். மூன்றாம் நாள் பிரஷர் பார்த்து ‘எனக்கு வேண்டாம்’ என்று முடிவு கட்டுபவர், உடம்பில் மிச்சமிருக்கும் மருந்தைத்தான் அளந்திருக்கிறார். இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபுரோலால் நேர்மாறு: திடீரென்று விட்டால் படபடப்பும் நெஞ்சுவலியும் திரும்பலாம், நிறுத்துவதானால் டாக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார். ஸ்டென்ட் வைத்தவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆஸ்பிரினும் கிளோபிடோகிரலும் ரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கின்றன. தட்டுகளின் ஆயுள் ஏழு முதல் பத்து நாள்; நிறுத்திவிட்டால் மருந்து படாத புதுத் தட்டுகள் தினமும் வந்துகொண்டே இருக்கும். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் முன்னெச்சரிக்கை எதுவும் இல்லாமல் மாரடைப்பாகவே வரலாம். மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக 12 மாதம் இந்த இரண்டு மாத்திரையும் சேர்ந்து உண்டு. ரத்தக்கசிவு பயம் இருந்தால் குறைப்பது இதய டாக்டரின் கணக்கு. பல் பிடுங்க வேண்டும், நிறுத்துங்கள் என்று யார் சொன்னாலும், நிறுத்துவதற்கு முன் இதய டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள்.

‘வருஷக்கணக்கில் போட்டால் கிட்னி போய்விடுமே’ என்பது அடுத்த பயம். கட்டுக்குள் வராத பிரஷர்தான் கிட்னியைக் கெடுக்கிறது. டெல்மிசார்டான், ராமிபிரில் போன்ற பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் டாக்டர் சொல்லும் இடைவெளியில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்துக்கொண்டால் போதும். மூட்டுவலிக்குச் சீட்டில்லாமல் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் பிரஷரையும் ஏற்றும், கிட்னியையும் படுத்தும். அதற்கு மட்டும் யாரும் பயப்படுவதில்லை! தலைசுற்றல், ராமிபிரிலால் வரும் வறட்டு இருமல் போன்றவை நியாயமான புகார்கள். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி இருக்கிறது. டாக்டரிடம் சொன்னால்தானே நடக்கும். போகும்போது ‘சின்ன வெள்ளை மாத்திரை’ என்று வர்ணிக்காமல் அட்டைகளையே எடுத்துப் போங்கள். கடையில் கத்தரித்துக் கொடுக்கும் துண்டு அட்டையில் பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் போய்விடும். முழு அட்டையாகவே கேட்டு வாங்குங்கள், பத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே.