எரிபொருட் பட்டினி

நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணையாறு ஓசூரின் அருகே தமிழகத்துள் புகுகின்றது. கெலவரப்பள்ளியிலும் கிருஷ்ணகிரியிலும் அணைகளில் தேங்கிப் பின் கிழக்கு நோக்கி நெடுந்தொலைவு ஓடிக் கடலூர்ப் பக்கத்தில் கடலோடு கலக்கின்றது. இவ்வாற்றின் மேற்பகுதியாகிய ஓசூர் வட்டாரம் தொழிற்சாலைகள் மலிந்தது. இருவர் ஏறிச் செல்லத்தக்க டி.வி.எஸ். 50 என்னும் சிறு ஊர்தி 1980-இல் இங்கிருந்தே வெளிவந்தது. பொறிகளின் இயல்பை அறிந்தார் இப்பகுதியில் பலர். ஆயினும் படகுப் பொறி என்றால், அது கடற்கரையார்க்கு உரியது என்று எண்ணுவோரே மிகுதி. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயலால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவு மழை கொட்டியது. சாலையோரம் நின்ற ஊர்திகளையும் வெள்ளம் இழுத்துச் சென்றது. அத்தகைய நாளில் உள்நாட்டார்க்கும் படகு வேண்டுவதாகும்.

மீட்புப் படகின் பின்புறப் பலகையில் வெளிப்பக்கமாக மாட்டப்படும் பொறியை அவுட்போர்டு மோட்டார் என்பர். பொறியும் தண்டும் சுழல்விசிறியும் ஒன்றாய் அமைந்திருத்தலின், வேண்டும்போது மாட்டவும் வேண்டாதபோது கழற்றவும் இயலும். நார்வேயிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் என்பார் இதனை 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்து வெற்றி கண்டார். கோடை நாளில் தம் காதலிக்காக ஏரியின் மறுகரையிலிருந்து ஐஸ்கிரீம் வாங்கித் துடுப்பு வலித்து வருமுன் அஃது உருகிப் போயிற்று. அதுவே இம்முயற்சிக்குத் தூண்டுகோல் ஆயிற்று என்று சொல்வர். உருகிய ஐஸ்கிரீமால் இழப்பொன்றும் இல்லை. வெள்ளத்தின் நடுவே பொறி நிற்குமாயின் நேர்வது அவ்வாறன்று.

ஆண்டின் பெரும்பகுதி கிடங்கில் உறங்கிய பொறி, அழைத்த நாளில் இருமுறை கயிற்றை இழுத்ததும் உயிர்பெறும். சிறிது நேரம் நன்றாக ஓடும். பின்னர் அதன் ஒலி தளரும், விட்டு விட்டு இரையும், நின்றுவிடும். சற்றே ஓய்ந்திருந்து மீண்டும் இழுத்தால் ஓடும், மீண்டும் நிற்கும். இஃது எரிபொருட் பட்டினியின் அடையாளம். தொட்டியில் பெட்ரோல் நிரம்பியிருந்தும் பொறியின் வாய்க்கு அது போய்ச் சேரவில்லை என்பது பொருள்.

இந்நிலையில் பயிற்சி குறைந்தோர் முதலிற் செய்வது கார்புரேட்டரைப் பிரித்தெறிதல். அது தவறு. கிருஷ்ணகிரி அணையின் வாய்க்காலால் பயன்பெறும் உழவன், தன் கடைமடை வயலுக்கு நீர் வராதபோது வயலைத் தோண்டிக்கொண்டிருப்பதில்லை. மதகு திறந்துள்ளதா என்று பார்த்து, கரையோடு நடந்து, எங்கே அடைப்பு, எங்கே உடைப்பு என்று கண்டு வருகின்றான். பொறியின் எரிபொருளுக்கும் அத்தகைய வழியொன்று உண்டு. அவ்வழியே நடப்பவனுக்குக் குற்றம் தானே எதிர்ப்படும்.

அதற்கு முன், நோய் பட்டினிதானா என்று துணிதல் வேண்டும். பலமுறை கயிற்றை இழுத்தபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நோக்கின், அதன் நுனி உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் தீப்பொறியையே ஐயுறல் வேண்டும்.

வழியின் தலைமடை, தொட்டியின் மூடியிலுள்ள காற்றுத் திருகு. பெட்ரோல் வெளியேறிய இடத்தைக் காற்று வந்து நிரப்பாவிடில் உள்ளே வெற்றிடம் உண்டாகி, மேலும் பெட்ரோல் வர ஒட்டாது. இத்திருகைத் திறக்க மறத்தலே பல சமயங்களில் முழுக்குற்றமும் ஆகும். மூடியைத் தளர்த்தும்போது 'உஸ்' என்று காற்று உட்புகும் ஒலி கேட்டால் வேறு சான்று வேண்டுவதில்லை.

அடுத்துள்ளது ரப்பர்க் குழாயும், அதன் நடுவே கைக்கடங்கிய ரப்பர்க் குமிழும். இக்குமிழ் சிறந்த மருத்துவன். பொறியைக் கிளப்புமுன் இதனைப் பலமுறை அழுத்தப் பெட்ரோல் ஏறிக் குமிழ் திண்ணென்று ஆகும். எவ்வளவு அழுத்தியும் தொளதொளவென்று இருப்பின், குழாயின் இணைப்பில் எங்கோ காற்றுப் புகுகின்றது, அல்லது குமிழின் தடுக்கிதழ் கெட்டிருக்கின்றது. பொறி ஓடும்போது குமிழ் ஒட்டித் தட்டையாயின், அடைப்பு குமிழுக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ளது: திருகு மூடியிருக்கும், அல்லது வடிகட்டி அடைத்திருக்கும், அல்லது யாரேனும் குழாயின்மேல் மிதித்து நிற்பர்! பொறி தளரும்போது குமிழை அழுத்த அது மீண்டும் விரைந்து ஓடினால், பொறியிலுள்ள பம்பு வலுவிழந்தது என்று ஐயுறலாம். குமிழ் திண்ணென்று இருந்தும் பொறி மீளாவிடின், அப்போதுதான் கார்புரேட்டரைத் திறத்தல் முறையாகும்.

கார்புரேட்டரின் நுண்துளைகள் அடைபடுதற்குப் பழைய பெட்ரோலே பெருங்காரணம். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசின்போன்ற கசடை விட்டுச் செல்லும். மேலும், இந்தியாவில் 2025-ஆம் ஆண்டளவில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்படும் நிலை வந்துள்ளது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. நீர் மிகுந்தால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலினின்றும் பிரிந்து அடியில் தங்கும். உறிஞ்சு குழாயின் வாயும் அடியிலேயே உள்ளமையால், பொறி முதலிற் குடிப்பது அதனைத்தான். பழைய ரப்பர்க் குழாய்களையும் எத்தனால் நைந்துபோகச் செய்யும். ஆதலின் நைந்த குழாயை மாற்றி, பழைய பெட்ரோலை முற்றும் வடித்து, புதியது நிரப்புதலே மருந்து. துளைகளைக் கம்பியால் குத்தலாகாது. துளை அகன்று அளவு கெடும். தூய்மை செய்யும் நீர்மத்தில் ஊறவைத்துக் காற்றால் ஊதுதலே நன்று. பெட்ரோலின் ஆவி காற்றினும் கனமானது. படகின் அடியில் தங்கி நிற்கும். எனவே இப்பணி முடியும்வரை நெருப்பு அருகில் வரலாகாது.

பழுது நீங்கியபின் பொறியை நீர் நிறைந்த பீப்பாயில் ஓட்டிப் பார்ப்பர். நீரின்றி ஓட்டினால் குளிர்விக்கும் பம்பு வெந்துவிடும். ஆயினும் பீப்பாயில் மெல்ல ஓடும் பொறி சிறிதளவே பெட்ரோல் கேட்கும். பட்டினி அங்கே வெளிப்படாது. அலையற்ற ஏரியில் கரையை ஒட்டி, முழு விசையில் கால் மணி நேரம் ஓட்டியே முடிவு காணல் வேண்டும். அவ்வோட்டத்தின்போது படகில் துடுப்புகள் இரண்டும் இருத்தல் வேண்டும்.